அடியில் சீன முத்திரை, அட்டையில் ஈரான்: அந்தத் தட்டு போலியா?

முதலில் கேள்வியைத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிப்பவர்களுக்கும் உதவும். லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் நீங்கள் ஒரு பெரிய தட்டைப் பார்த்திருக்கிறீர்கள். வெள்ளைப் பரப்பில் நீலச் சித்திரம்: பாறை, மரம், நீள அங்கி போட்ட ஒரு சீனர். தட்டுக்குக் கீழே வைத்திருந்த கண்ணாடியில் பார்த்தால் சீன எழுத்து மாதிரி ஒரு முத்திரை. பக்கத்து அட்டையிலோ ‘ஈரான், 17-ஆம் நூற்றாண்டு’ என்று இருந்ததாம். “அப்போ இது அந்தக் காலத்து டூப்ளிகேட்டா? நீலமும் வெள்ளையும் உண்மையில் யாருடையது, சீனருடையதா பாரசீகருடையதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கேள்வி போலத் தெரிகிறது. உள்ளே இருப்பது ஒன்றுதான்: யார் யாரைப் பார்த்துச் செய்தார்கள்?

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட வேண்டும். நான் கலை வரலாறு படித்தவன் இல்லை. விருத்தாசலத்தில் செராமிக் டிப்ளமா முடித்துவிட்டு, இருபத்தாறு வருஷம் டைல் ஆலைகளில் கிளேஸ் பிரிவில், அதாவது மேலே போடும் கண்ணாடிப் பூச்சைக் கலக்கும் இடத்தில், வேலை பார்த்தவன். பழைய கிளேஸ்களைத் தேடிப் படிப்பது அங்கே ஒட்டிக்கொண்ட பழக்கம். பாரசீகமும் சீனமும் எனக்குப் படிக்கத் தெரியாது. அந்த மொழி மூலங்களிலிருந்து நான் சொல்வதெல்லாம் மொழிபெயர்ப்பை நம்பித்தான். மண், கண்ணாடி, நெருப்பு பற்றிச் சொல்வதற்கு நானே பொறுப்பு.

அந்தத் தட்டு போலி இல்லை. ஆனால் அதன் அண்ணன் தம்பிகள் சிலவற்றை ஐரோப்பாவில் சீனச் சரக்கு என்று சொல்லி விற்றதும் உண்மை. இந்த இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று சொல்ல வேண்டுமானால் தட்டின் காலத்திலிருந்து எண்ணூறு வருஷம் பின்னால் போக வேண்டும்.

பாக்தாதில் அப்பாசிய கலீபாக்கள் ஆண்ட காலம். கிழக்கு ஈரான் பக்கத்துக் குராசானின் ஆளுநர் அலி இப்னு ஈசா, கலீபா ஹாரூன் அல் ரஷீதுக்கு அனுப்பிய காணிக்கையில் சீன அரண்மனைத் தரத்துப் பீங்கான் 20, மற்றப் பீங்கான் 2,000 இருந்ததாகவும், அந்த மாதிரிப் பொருளைக் கலீபாவின் அவை அதற்கு முன் கண்டதே இல்லை என்றும் பைஹகி என்ற பாரசீக வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். அவர் எழுதியது சம்பவம் நடந்து சுமார் இருநூற்றைம்பது வருஷம் கழித்து. அதனால் 2,000 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். சீன வெள்ளையைப் பார்த்து மேற்காசியா வாயைப் பிளந்தது என்ற அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மண்ணுக்கடியிலும் சாட்சி இருக்கிறது. ஈரான் கரையில் சீராஃப் துறைமுகத்திலும், ஈராக்கில் சமர்ராவிலும் தோண்டியபோது சீனச் சில்லுகள் கிடைத்தன. மன்னார்ப் பக்கம் மாந்தையில், திருக்கேதீஸ்வரத்தை ஒட்டிய பழைய துறைமுகத்தில், சீனச் சில்லுகளோடு மேற்காசியாவின் நீலப்பச்சைக் கிளேஸ் போட்ட ஜாடிச் சில்லுகளும் சேர்ந்தே கிடைத்தன. இரண்டு பக்கச் சரக்கும் நம் கடலைத் தாண்டித்தான் போயிருக்கிறது.

வாயைப் பிளந்தவர்கள் அடுத்து என்ன செய்வார்கள்? நாமும் செய்யலாமே என்று இறங்குவார்கள். ஈராக்கின் பஸ்ரா நகரத்துக் குயவர்கள் இறங்கினார்கள். ஆனால் அவர்கள் மண் சுட்டால் மஞ்சள் பூத்துவிடும். சீனாவில் கிடைத்த கயோலின் என்கிற வெள்ளைக் களிமண் அங்கே இல்லை. இருந்திருந்தாலும் அதைச் சுடத் தேவையான 1,300 டிகிரிச் சூட்டுக்கு அவர்கள் சூளை ஏறாது. ஆகவே மண்ணை விட்டுவிட்டார்கள், மேல் பூச்சை வெள்ளையாக்கினார்கள். ஈயக் கண்ணாடியில் வெள்ளீயத்தின் ஆக்சைடைக் கலந்தால் பூச்சு ஊடுருவிப் பார்க்க முடியாத பால் வெள்ளையாகிவிடும், அடியில் இருக்கும் மஞ்சள் தெரியாது. இன்றைக்கு நாங்கள் அதே வேலைக்கு ஜிர்கான் போடுகிறோம், அது மலிவு. நீங்கள் குளிக்கும் அறையின் வெள்ளை டைலைத் தட்டிப் பாருங்கள், அடியில் பெரும்பாலும் செம்மண் நிறமோ மங்கல் நிறமோதான் இருக்கும். பஸ்ராக்காரன் செய்த அதே மறைப்பு வேலை.

வெள்ளை கிடைத்ததும் சும்மா விடவில்லை. அதன்மேல் கோபால்ட்டால் நீலத்தில் வரைந்தார்கள். நீலம் பூச்சுக்குள் இறங்கி ஓரம் கசிந்து நிற்கும், ஈரத்தாளில் பேனா மை பட்டதுபோல. 9-ஆம் நூற்றாண்டுச் சீனச் சரக்கில் இந்த மாதிரி நீல வேலை மிக மிக அரிது. அதாவது வடிவமும் வெள்ளையும் சீனாவைப் பார்த்து எடுத்தது, மேலே போட்ட நீலம் இவர்களுடையது. நகல் எடுக்கப் போனவர்கள் பாதி வழியில் வேறெங்கோ போய்விட்டார்கள். இந்த வெள்ளீயப் பூச்சு அப்புறம் எகிப்து, ஸ்பெயின், இத்தாலி வழியாக நடந்து ஹாலந்தின் டெல்ஃப்ட் வரை போய்ச் சேர்ந்தது தனிக் கதை.

இங்கே ஒரு கப்பலைச் சொல்லியே ஆக வேண்டும். 1998-ல் இந்தோனேசியாவில் பெலிதுங் தீவுக்குப் பக்கத்தில், கடல் அட்டைக்காக மூழ்கியவர்கள் கண்ணில் பட்டது. உள்ளே ஏறத்தாழ 60,000 பீங்கான், பெரும்பகுதி சீனாவின் சாங்ஷாச் சூளைக் கிண்ணங்கள். ஒரு கிண்ணத்தில் கீறியிருந்த தேதி கி.பி. 826-க்குச் சரியாக வருகிறது. கப்பலோ சீனக் கப்பல் இல்லை. ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மேற்கு இந்தியப் பெருங்கடல் வகை. சரக்கு இப்போது சிங்கப்பூரில் ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே போனால் எல்லோரும் தங்கக் கோப்பையைச் சுற்றி நிற்பார்கள். நான் போய் நின்றது மூன்று சின்னத் தட்டுகளுக்கு முன்னால். முழுசாகக் கிடைத்த சீன நீல வெள்ளைத் தட்டுகளில் மிகப் பழையவை அவைதான். நடுவில் ஒரு சாய்சதுரம், அதன் முனைகளிலிருந்து இலைக் கொத்து. இது சீன ரசனையே இல்லை, பஸ்ராத் தட்டுகளில் காணும் அமைப்பு. அவற்றைச் செய்த சீனாவின் கோங்சியான் சூளைக்காரர் யாருக்காக வரைந்தார் என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது. பஸ்ராவில் நீலம் முதலில் வந்ததா, கோங்சியானில் வந்ததா என்று ஆட்கள் இன்னும் வாதாடுகிறார்கள். தேதிகள் அவ்வளவு நெருக்கம், பத்து இருபது வருஷ வித்தியாசத்தைச் சில்லு சொல்லாது. ஆனால் நமக்குக் கிடைத்த மிகப் பழைய முழுச் சீன நீலத் தட்டே மேற்காசியா வாடிக்கையாளரை மனதில் வைத்துச் செய்தது என்பதில் பெரிய சண்டை இல்லை.

ஈரான் பாண்டமெல்லாம் சீனாவைப் பார்த்துச் செய்தது என்று இதை வைத்து நினைத்துவிட வேண்டாம். 10-ஆம் நூற்றாண்டு நிஷாபூர்க் கிண்ணங்களில் வெள்ளைமேல் கறுப்பு அரபு எழுத்து விளிம்பைச் சுற்றி ஓடும். சீன வாடையே கிடையாது. வேலை தொடங்குமுன் யோசித்தால் பின்னால் வருந்த வேண்டியதில்லை என்று ஒரு கிண்ணம் புத்தி சொல்கிறது, சாப்பிட உட்காருகிற நேரத்தில்! சுட்டு முடித்த கிளேஸ்மேல் வெள்ளியும் செம்பும் கலந்து பூசி, புகை சூழ்ந்த சூளையில் இரண்டாம் தரம் சுட்டு உலோக மினுமினுப்பு வரவைக்கும் லஸ்டர் வேலையும் ஈராக்கில் தொடங்கி, எகிப்து போய், 12-ஆம் நூற்றாண்டில் ஈரானின் காஷான் நகரத்தில் உச்சத்துக்குப் போனது. சூளையில் புகை கொஞ்சம் கூடினால் சேறு, குறைந்தால் ஒன்றுமே தெரியாது. நான் மூன்று முறை முயன்று மூன்று முறையும் சேறுதான் எடுத்தேன்.

காஷானுக்கு வந்துவிட்டோம், இங்கே கொஞ்சம் உட்காருவோம். என்னைக் கேட்டால் இந்த முழுக் கதையின் முடிச்சும் இங்கேதான். அபுல் காசிம் என்பவர், காஷானில் தலைமுறை தலைமுறையாகக் குயவுத் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர், 1301-ல் தன் குடும்பத் தொழிலின் கலவைகளை எழுதி வைத்தார். பாண்டத்துக்கான கலவை: அரைத்த வெண்கல் மாவு, அதாவது குவார்ட்ஸ், பத்துப் பங்கு. உருக்கி அரைத்த கண்ணாடி, நாங்கள் ஃப்ரிட் என்பது, ஒரு பங்கு. வெள்ளைக் களிமண் ஒரு பங்கு. பன்னிரண்டில் ஒரு பங்குதான் மண். மண்பாண்டத்தில் மண்ணே இல்லை என்கிற கதை! ஜெய்ப்பூர் நீலப் பாண்டம் வாங்கியிருக்கிறீர்களா? அதுவும் இதே குடும்பம்தான்: வெண்கல் மாவு, கண்ணாடித் தூள், கொஞ்சம் முல்தானி மிட்டி, பிசின்.

ஏன் இந்தப் பாடு? சீனப் பீங்கான் உடம்பு முழுக்க வெள்ளை, மெலிந்த இடத்தில் வெளிச்சம் ஊடுருவும். மேல் பூச்சை மட்டும் வெள்ளையாக்கிய பஸ்ரா வழியில் அது கிடைக்காது, உடைந்த இடத்தில் மஞ்சள் பல்லை இளிக்கும். வெண்கல் மாவோ உள்ளும் புறமும் வெள்ளை. கலந்த கண்ணாடி ஆயிரம் டிகிரிக்கு அக்கம்பக்கத்திலேயே உருகி, கல் துகள்களை ஒட்டவைத்துவிடும். ஒரு பங்குக் களிமண் கையில் பிசைய வரவேண்டும் என்பதற்காக. அப்படியும் சக்கரத்தில் சரியாக நிற்காது, அதனால் அச்சில் அழுத்திச் செய்தது நிறைய. இன்னொரு லாபமும் உண்டு, இதைப் புத்தகங்களில் அவ்வளவாக அழுத்திச் சொல்வதில்லை. சோடா அதிகமுள்ள கிளேஸ் சாதாரண மண்ணில் நிற்காது, ஆறும்போது அதிகமாகச் சுருங்கி வெடித்துக்கொள்ளும். வெண்கல் உடம்பும் அதே மாதிரிச் சுருங்குவதால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அந்தச் சோடாக் கிளேஸில் செம்பு போட்டால்தான் ஈரான் மசூதிகளில் பார்க்கும் அந்த நீலப்பச்சை வரும். ஈயக் கிளேஸில் அதே செம்பு வெறும் இலைப்பச்சைதான். பீங்கானை நகலெடுக்கப் போய் எடுத்த இந்தக் கலவை, பீங்கானில் வராத ஒரு நிறத்தைக் கொடுத்துவிட்டது. அபுல் காசிம் சூளை மூட்டுவதையும் விடவில்லை. பன்னிரண்டு மணி நேரம் ஒரே சீராக எரிக்க வேண்டும், முன்பு போட்ட விறகின் புகை அடங்கும்வரை அடுத்ததைப் போடக்கூடாது, ஒரு வாரம் ஆறவிட்டுத்தான் பாண்டத்தை எடுக்க வேண்டும் என்கிறார். அவசரப்பட்டுச் சூளைக் கதவைத் திறந்து நூறு பலகை டைலை வெடிக்கவிட்ட சூப்பர்வைசர் ஒருவர் நினைவுக்கு வருகிறார்.

அவரே நீலத்துக்கான கல்லையும் சொல்கிறார். லாஜ்வர்த் என்றும், தொழில்காரர்கள் ‘சுலைமானி’ என்றும் சொல்லும் அந்தக் கல் காஷானுக்குப் பக்கத்துக் கம்சர் கிராமத்திலிருந்து வருகிறதாம். அதுதான் கோபால்ட் தாது. கோபால்ட் எவ்வளவு வீரியமானது என்று ஒரு சம்பவம் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஓர் ஆலையில், கலர் அறையைக் கூட்டிய துடைப்பத்தை எடுத்து வெள்ளைக் கிளேஸ் பக்கமும் கூட்டிவிட்டார்கள். இரண்டு நாள் உற்பத்தி முழுக்க வெள்ளை டைலில் நீல அம்மை போட்டிருந்தது. நூறு பங்குக் கிளேஸில் ஒரு பங்கு போதும், கருநீலம். அதைவிட முக்கியம், 1,300 டிகிரியில் புகை நெருப்பிலும் அது அசையாது. செம்பு ஆவியாகும் அல்லது சிவக்கும், இரும்பு பழுப்பாகும் அல்லது சாம்பல் பச்சையாகும். பீங்கானின் சூட்டில் பூச்சுக்கு அடியிலிருந்து ஒவ்வொரு தரமும் நம்பிக்கையாக வரும் நிறம் அந்தக் காலத்தில் கோபால்ட் ஒன்றுதான். உலகம் பூராவும் ஏன் நீலமும் வெள்ளையும் என்று கேட்டால், ரசனைக்கு முன்னால் இந்த வேதியியலைச் சொல்லுவேன்.

இனி மங்கோலியர். 1258-ல் பாக்தாத் விழுந்தது. அப்புறம் கொஞ்ச காலத்துக்கு ஈரானை ஆண்டதும் சீனாவை ஆண்டதும் செங்கிஸ்கானின் பேரன்மார் வம்சம். ஈரான் பக்கம் 1270-களில் தக்த்-இ-சுலைமான் அரண்மனைச் சுவர் டைல்களில் டிராகனும் பீனிக்ஸும் தாமரையும் வந்து உட்கார்ந்தன. அந்தத் தாமரைக் கொடிக்குப் பாரசீக ஓவியர் வைத்த பெயர் ‘கதாயி’, சீன தேசத்தது என்று பொருள். கம்பளத்திலும் அதே பெயர்தான். மறுபக்கம், சீனாவின் ஜிங்டெஜென் சூளைகளில் 14-ஆம் நூற்றாண்டில் நீல வெள்ளை திடீரென்று முழு வளர்ச்சியோடு எழுந்தது. அதற்கான கோபால்ட் மேற்கிலிருந்து போனது. இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. சீனத்தின் உள்ளூர்க் கோபால்ட்டில் மாங்கனீஸ் நிறைய இருக்கும். அந்தக் கால நல்ல பாண்டங்களில் மாங்கனீஸ் குறைவு, இரும்பு அதிகம். நீலம் தடித்த இடங்களில் கறுப்புப் புள்ளி தெரிவது அதனால்தான். சீனர்களும் பின்னாளில் அதை ‘முஸ்லிம் நீலம்’ என்றே அழைத்தார்கள். கம்சரிலிருந்தே எல்லாம் போனதா என்றால், பலர் அப்படி நம்புகிறார்கள், ஆனால் எல்லாப் பாண்டத்துக்கும் அது பொருந்தும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

தட்டின் அளவையும் கவனியுங்கள். சீனர் சின்னக் கிண்ணத்தில் தனித்தனியாகச் சாப்பிடுபவர்கள். அந்தக் கால நீல வெள்ளையில் நாற்பது சென்டிமீட்டர் அகலத் தட்டுகள் ஏராளம். அது ஐந்தாறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் புலாவ் சாப்பிடும் ஊர்களுக்காகச் செய்தது. இஸ்தான்புல் அரண்மனையிலும், டில்லி துக்ளக் கோட்டையிலும் அவை கிடைத்ததில் ஆச்சரியம் இல்லை. அதற்காகச் சீனர் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளவே இல்லை என்றும் சொல்ல முடியாது. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் டேவிட் ஜாடிகள் 1351-ல் ஒரு தாவோ கோயிலுக்கு நேர்ந்துவிட்டவை. ஆனாலும் 1388-லேயே ஒரு சீன ரசிகர் நீல வெள்ளையைப் பட்டிக்காட்டு ரசனை என்று எழுதிவைத்திருக்கிறார். இன்றைக்குச் சீனா என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வரும் பொருள்!

அடுத்துச் சீனாவை ஆண்ட மிங் வம்சத்தின் காலத்தில் போக்குவரத்து இன்னும் நெருங்கியது. யோங்லே பேரரசர் காலத்துக் கூஜாக்கள், சட்டிகள், மெழுகுவர்த்தித் தாங்கிகளில் பல, மேற்காசியாப் பித்தளைப் பாத்திரங்களின் வடிவத்தைப் பீங்கானில் எடுத்தவை. 1506 முதல் 1521 வரை ஆண்ட ஜெங்டே காலத்தில் சீன அரண்மனைக்கே அரபியும் பாரசீகமும் எழுதிய எழுதுமேசைச் சாமான்கள் செய்தார்கள். இந்தக் கடல்வழியில் என்னென்ன மொழி புழங்கியது என்று பார்க்கக் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு கல் இருக்கிறது. சீனத் தளபதி செங் ஹோ கொண்டுவந்து இலங்கையின் காலி நகரத்தில் நட்டது, 1409 தேதியிட்டது. அதில் இருப்பது மூன்று மொழி: சீனம், தமிழ், பாரசீகம்.

மொழி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பாரசீகத்தில் இந்தப் பண்டத்துக்குப் பெயர் ‘சீனி’, சீனாவின் பெயரால். நம் ‘பீங்கான்’ என்ற சொல்லைப் பாரசீகத்தில் கிண்ணத்தைக் குறிக்கும் ‘பிங்கான்’ என்ற சொல்லோடு சேர்த்துப் பார்ப்பது வழக்கம். அரபியில் ‘ஃபின்ஜான்’ என்று காபிக் கோப்பை ஆனதும், மலாயில் ‘பிங்கான்’ என்று தட்டு ஆனதும் அதே சொல். பாரசீகர் சீனா பெயரால் சொன்னதை நாம் பாரசீகர் சொல்லால் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அது நேரே வந்ததா, மலாய்க் கப்பலில் ஏறி வந்ததா என்பதைச் சொல்லாராய்ச்சிக்காரர்களிடம் விட்டுவிடுகிறேன்.

இப்போது உங்கள் தட்டின் காலத்துக்கு வந்துவிட்டோம். ஈரானை ஆண்ட சஃபவி வம்சத்து அரசர் ஷா அப்பாஸ், தன் முன்னோரான ஷேக் சஃபியின் அர்தபீல் தர்காவுக்கு 1611-ல் தன் சீனப் பீங்கான் சேகரிப்பை வக்ஃபாகக் கொடுத்தார். 1,100-க்கும் மேல். ஒவ்வொன்றிலும், புனிதத்தின் அரசருக்கு, அதாவது அலிக்கு, அடிமையான அப்பாஸ் இதைச் சஃபியின் வாசலுக்கு அர்ப்பணித்தான் என்ற பொருளில் சின்னக் கட்டம் ஒன்றைச் செதுக்கியிருக்கிறார்கள். கிளேஸை வெட்டி எழுதியது, எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்று தொழில்காரனாக எனக்கு மலைப்பு. அவற்றை அடுக்கச் சுவர் முழுக்க மாடம் வைத்துக் கட்டிய ‘சீனி கானா’ மண்டபம் இன்றும் இருக்கிறது. பாண்டங்களில் பெரும்பகுதி தெஹ்ரான் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. அரசரே இப்படிப் பித்தாக இருந்தால் ஊர் எப்படி இருக்கும்? கிர்மான், மஷ்ஹத் சூளைகள் அதே வெண்கல் கலவையில் சீனப் பாணி நீல வெள்ளையைச் செய்து குவித்தன. ஷா அப்பாஸ் சீனாவிலிருந்து முந்நூறு குயவர்களைக் குடும்பத்தோடு வரவழைத்தார் என்று ஒரு கதை இணையத்தில் உலவுகிறது, நீங்களும் படித்திருக்கலாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. முந்நூறு ஜிங்டெஜென் ஆட்கள் வந்திருந்தால் சூளை அமைப்பிலோ உடம்புக் கலவையிலோ ஏதாவது சீனத் தடயம் வந்திருக்கும். பாண்டம் அப்படி எதையும் காட்டவில்லை, 1301-ல் அபுல் காசிம் எழுதிய குடும்பத்திலேயேதான் நிற்கிறது.

அப்புறம் 1644. சீனாவில் மிங் ஆட்சி கவிழ்ந்தது. உள்நாட்டுப் போர், அடுத்து சிங் அரசின் கடல் தடை, 1670-களில் ஜிங்டெஜென்னிலேயே நாசம். நாற்பது வருஷத்துக்குச் சீனச் சரக்கு சரியாக வெளியே வரவில்லை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கோ ஐரோப்பாவில் வாடிக்கையாளர் காத்திருக்கிறார்கள். ஜப்பானில் அரித்தாவுக்குப் போனார்கள். இன்னொரு கதவு ஈரானில் பந்தர் அப்பாஸ், அவர்கள் வாயில் கோம்ப்ரூன். அந்தத் துறைமுகம் வழியாகக் கிர்மான் பாண்டத்தை வாங்கிக் கப்பலேற்றினார்கள். அந்தக் காலத்தில் ஈரானில் இருந்த பிரெஞ்சு நகை வியாபாரி ஜான் ஷார்தென், கிர்மான் பாண்டம் அவ்வளவு நேர்த்தி, டச்சுக்காரர்கள் அதைச் சீனச் சரக்கோடு கலந்து ஹாலந்தில் விற்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். நான் முதலில் சொன்ன ‘போலியாக விற்றது’ இதுதான். ஆனால் ஏமாற்றியது விற்றவன். செய்தவன் கிர்மானில் தன் ஊர்க்காரனுக்கும் இதையேதான் செய்துகொண்டிருந்தான், முத்திரை உட்பட. ஈரான் கடையில் நிற்பவனுக்கு அது ஈரான் பாண்டம் என்று நன்றாகவே தெரியும். அடியில் அந்த முத்திரை இருந்தால் ‘சீனி’க்கு உரிய களை வந்துவிடும், அவ்வளவுதான். நம்மூரில் ஒரு காலத்தில் உள்நாட்டுப் பீங்கான் கோப்பைக்கு அடியில் ஆங்கிலத்தில் ஏதோ கிரீடமும் சிங்கமும் அச்சடித்து வருமே, அந்த மாதிரி.

போக்கு ஒருவழி இல்லை என்பதற்கு இன்னொன்று. 12-ஆம் நூற்றாண்டு ஈரான் வெள்ளைக் கிண்ணங்களில் சின்னச் சின்ன ஓட்டை போட்டு, அதைக் கிளேஸால் அடைத்து, வெளிச்சத்தில் பிடித்தால் புள்ளி புள்ளியாக மின்னும்படி செய்திருக்கிறார்கள். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் அதைத் திரும்பவும் செய்தார்கள், இங்கிலாந்துக்காரர்கள் அதற்குக் கோம்ப்ரூன் பாண்டம் என்றே பெயர் வைத்தார்கள். சிங்கப்பூர், மலேசியாச் சீனக் கடைகளில் அரிசி மணி பதித்த மாதிரி சூப் கிண்ணம் பார்த்திருப்பீர்களே, அதே வித்தை. சீனாவில் அது பரவலானது 18-ஆம் நூற்றாண்டில். ஈரானைப் பார்த்து எடுத்தார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். காலக்கணக்கு இடம் கொடுக்கிறது, ஆனால் கை மாறிய இடம் எதையும் இதுவரை யாரும் காட்டவில்லை.

லண்டனில் ஏன் இவ்வளவு ஈரான் பாண்டம் என்றும் ஓரமாகக் கேட்டிருந்தீர்கள். கொள்ளை அடித்தது இல்லை. 1870-களிலும் 80-களிலும் தெஹ்ரானில் தந்தி லைன் அதிகாரியாக இருந்த ராபர்ட் மர்டாக் ஸ்மித் என்பவர் அருங்காட்சியகத்துக்காகக் கடைத்தெருவிலும் வீடுகளிலும் வாங்கி வாங்கி அனுப்பினார்.

அடுத்த முறை போகும்போது படத்தைக் கொஞ்சம் மறந்துவிட்டு உடம்பைப் பாருங்கள். விளிம்பில் சின்ன உடைசல் இருந்தால் அங்கே. சீனப் பீங்கான் கண்ணாடி மாதிரி வழவழப்பாக உடையும். ஈரான் வெண்கல் உடம்பு கற்கண்டை உடைத்த மாதிரி சொரசொரவென்று இருக்கும், பல வருஷ அழுக்கு அதில் ஏறியிருக்கும். கிளேஸில் நுண் வெடிப்பு வலை தெரிகிறதா, அடிவளையத்துக்குப் பக்கத்தில் கிளேஸ் திரண்டு பச்சை தட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நீலத்துக்குக் கறுப்புக் கோட்டால் எல்லை கட்டியிருந்தால் ஏறத்தாழ நிச்சயமாக ஈரான், சீனர் நீலத்துக்கு நீலத்தாலேயே கோடு போட்டார்கள். அப்புறம் பாறையைப் பாருங்கள். சீன ஓவியன் மலையைப் பார்த்து வளர்ந்தவன், பாறையின் மடிப்பு எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று அவன் கைக்குத் தெரியும். கிர்மான் ஓவியன் தட்டைப் பார்த்துத் தட்டு வரைந்தவன். அவன் பாறை சில சமயம் மேகம் ஆகிவிடும், மேகம் புழு ஆகிவிடும். இதே விபத்துதான் துருக்கியின் இஸ்னிக்கிலும் நடந்தது. சீனத் தட்டின் விளிம்பில் இருந்த அலையும் பாறையும் அங்கே நத்தைச் சுருளாக மாறிப்போயின, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. முத்திரையும் அப்படித்தான். நீங்கள் அனுப்பிய படத்தைச் சீனம் படிக்கத் தெரிந்த நண்பரிடம் காட்டினேன். சிரித்தார், எழுத்தே இல்லையாம், எழுத்து மாதிரி நாலு கோடு.

கிர்மானா மஷ்ஹதா என்று படத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது, பாணியை வைத்து மட்டும் சொல்பவர்களையும் கொஞ்சம் தள்ளி நின்றே கேளுங்கள். டொரண்டோவில் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியக ஆட்கள் சில்லை மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்துக் கல் துகளைப் பார்த்து ஊரைக் கண்டுபிடிக்கும் வேலையைப் பல வருஷம் செய்தார்கள். அதில் பழைய பெயர்ப்பலகைகள் சில ஊர் மாறின. உங்கள் படத்தில் எனக்குத் தெரிவது கறுப்பு எல்லைக்கோடு, நுண் வெடிப்பு, விளிம்புச் சொரசொரப்பு. ஈரான் என்று எழுதியது சரி. அடிவளையத்தின் கிட்டப் படம் ஏதாவது எடுத்திருந்தால் அதையும் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.